பாலத்தின் கீழ் விரித்த வலை



பெரும் பாலமொன்றை எழுப்புங்கால், பத்து இலட்சம் டொலர் செலவுக்கு ஓருயிர் பலியாதல் இயல்பே என்று அமெரிக்காவில் ஒருகாலத்திற் கணக்கிட்டனர். சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேற் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியியலாளர் யோசேப்பு ஸ்ட்ராஸ் அக்கணக்கை ஏற்கவில்லை. 1933இல் தொடங்கிய அவ்வேலையில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார்; 1936இல் பாலத்தின் கீழே பெருவலையும் விரித்தார். தவறி விழுந்த 19 பேரை அவ்வலை ஏந்திக் காத்தது.

எனினும், 1937 பெப்ரவரி 17ஆம் நாள் வேலைச்சாரமொன்று பெயர்ந்து வீழ்ந்து வலையைக் கிழித்தது. 10 பேர் மாண்டனர். வலை மட்டும் போதாது, சாரமும் உறுதியாயிருத்தல் வேண்டும் என்பதை நாம் அறிந்தோம்.

இன்றைய ஆராய்ச்சியோ வெயிலையும் ஓய்வின்மையையும் மனச்சோர்வையும் ஆபத்துக்களாகவே எண்ணுகின்றது. நம் இளைஞர் பலர் கட்டட வேலைக்குச் செல்லும் கட்டார் நாட்டில், காற்றின் ஈரத்தையும் வெயிலையும் சேர்த்துக் கணிக்கும் வெப்ப அளவு 32.1 பாகையைத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்தவேண்டுமென 2021இல் விதித்தனர்.

ஆகவே, விபத்தை விதியென்று கூறி அமைதியடைய நாம் ஒருப்படோம். சீமெந்துக்கும் உருக்குக்கும் கணக்கெழுதும் அதே ஏட்டில் தொழிலாளியின் உயிர்க்காப்புக்கும் கணக்கெழுதுக! அதனை ஒப்பந்தகாரரின் கருணைக்கு விடாது, சட்டத்தின் கடமையாக்கக் கோருவோம்!