பரமபதப் பலகையும் எண்ணூர்க் கழியும்



இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் பயிலும் நம் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து ஒரு கல்வி விளையாட்டை உருவாக்க வேண்டியிருக்கிறது. பெற்றோர் பலர் உடனே கைப்பேசியைத் தேடுகின்றனர். அதற்குமுன் பரணில் கிடக்கும் பரமபதப் படத்தை இறக்கிப் பாருங்கள் என்பது என் விண்ணப்பம்.

வைகுண்ட ஏகாதசி இரவில் வைணவர் இல்லங்களில் ஆடும் பரமபதத்திற்கு உடன்பிறப்பாக, வடநாட்டுச் சமணரிடையே ஞான சௌபட் என்னும் ஆட்டம் வழங்கியது. துணியில் வண்ணம் தீட்டிய அப்பலகைகள் பலவற்றில் 84 கட்டங்கள் உண்டு. கீழே நரகங்கள், உச்சியில் சித்தசிலை. ஏணியின் அடியில் ஒரு நற்குணம், பாம்பின் வாயில் ஒரு தீவினை. 1890களில் இவ்வாட்டம் இங்கிலாந்தில் அச்சேறியது. நாளடைவில் குணங்களின் பெயர்கள் உதிர்ந்து எண்களும் பாம்புகளுமே எஞ்சின. இன்று கடைகளில் விற்பது அந்த எலும்புக்கூடுதான்.

பிள்ளைகள் செய்யும் விளையாட்டுகள் பலவற்றில் ஒரு குறை காண்கிறேன். வினாவுக்கு விடை சொன்னால் இரண்டு கட்டம் முன்னேறலாம் என்பார்கள். அது தேர்வுக்குத் தாயக்கட்டை பூட்டியதாகும், விளையாட்டாகாது. ஞான சௌபட்டில் தனியே வினா இல்லை. காய் நகர்வதே பாடம்.

நம் பிள்ளைகள் எண்ணூர்க் கழியையே பலகையாக்கலாம். கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடம் அது. அலையாத்திச் செடிகளும் இறாலும் நண்டும் நிறைந்த நீர்வெளி. அனல்மின் நிலையங்களின் சாம்பலைச் சுமக்கும் இடமும் அதுவே. 2017 சனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோது, எர்ணாவூர்க் கரையில் மக்கள் எண்ணெய்க் கசடை வாளியால் அள்ளினர். 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழியில் பரவியது. படகும் வலையும் கறுத்தன, நாரைகளின் சிறகும் கறுத்தது.

இங்கே பழைய பலகை நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. அதில் வினை செய்தவனே பாம்பின் வாயில் வீழ்வான். கழியிலோ கவனமின்றி நடந்தவர் ஒருவர். வலையை இழந்தவர் மற்றொருவர். நெட்டுக்குப்பத்து மீனவரைப் பாம்பின் வாயில் நிறுத்தி, கீழே அவர் பாவத்தின் பெயரை எழுதினால் அது பொய்யாகும்; வினைக்கோட்பாட்டையே இழிவுபடுத்துவதும் ஆகும்.

ஆதலின் விதியை மாற்றுங்கள். ஒருவர் மீனவர், ஒருவர் ஆலை அதிகாரி, ஒருவர் கப்பல் தலைவர், ஒருவர் அலையாத்திக் காடு என நால்வர் ஆடட்டும். ஆலைக்காரர் செலவை மிச்சப்படுத்திக் குழாயைப் பழுதுபார்க்காமல் விட்டால், அவர் மூன்று கட்டம் ஏறுவார். மீனவரின் காய் ஆறு கட்டம் சறுக்கும். பத்து வயதுப் பிள்ளையும் ‘இது நியாயமா?’ என்று கேட்கும். கேட்கட்டும், அவ்விடத்தில் ஆசிரியர் குறுக்கிட வேண்டா. அந்த விதியை எப்படித் திருத்துவது என்று குழுவே வாதாடி முடிவு செய்யட்டும். அவ்வாதத்திற்கு ஒரு பாடவேளை முழுதும் போனாலும் நட்டமில்லை.

செலவும் பெரிதன்று. ஓர் அட்டை, சோழிகள், வண்ண மை போதும். செய்து முடித்ததும் கீழ்வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, உருவாக்கியவர்கள் வாய் திறவாமல் அருகே அமர்ந்து பார்க்க வேண்டும். விளக்கிச் சொன்னால்தான் புரியும் விதிகளை அடித்துவிடுங்கள். ஆட்டம் அரைமணிக்கு மேல் நீண்டால் கட்டங்களைக் குறையுங்கள். 84 இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

உச்சிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதை மட்டும் வகுப்பறையில் முடிவு செய்யாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளை எண்ணூர்க் குப்பங்களுக்கு அழைத்துச் சென்று, கழியில் இறால் பிடிப்பவர்களையே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.