தேதி போட்டு ஒரு கடிதம்
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கிரிவலம் போகும்போது ரமணாசிரமத்தைத் தாண்டித்தான் போகிறோம். 1941-இல் அங்கே வந்து சேர்ந்தவர் சூரி நாகம்மா. ஆந்திரத்துப் பெண்மணி. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தார். பால்ய விவாகம், உடனே கைம்மை. தெலுங்கைத் தாமாகவே படித்துக் கற்றவர்.

சகோதரர் டி.எஸ். சாஸ்திரி கேட்டுக்கொண்டதால், 1945 நவம்பரிலிருந்து ஆசிரமத்தில் நடப்பதைக் கடிதமாக எழுதினார். 1950 வரை இருநூறுக்கும் மேல்! பிறகு அவை புத்தகமாகின. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் சாஸ்திரிதான்.

அதில் தத்துவம் மட்டுமில்லை. 1948-இல் பசு லட்சுமி இறந்தது இருக்கிறது. 1949-இல் மாத்ருபூதேஸ்வரர் கோயில் கும்பாபிஷேகம். அதே வருடம் பகவான் கையில் கட்டி, அறுவைச் சிகிச்சை. எழுதும்போது அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. எல்லாம் முடிந்தபின் எழுதும் நினைவுக் குறிப்பில் இந்தப் பதைப்பு வராது என்பது என் எண்ணம்.

நம்மில் பலர் ஓய்வுபெற்று, மலையை நம்பி இங்கே வந்தவர்கள். துணையை இழந்து வந்தவர்களும் உண்டு. வந்த புதிதில் இருந்த பக்தி இன்று சிலருக்குக் கூடியிருக்கும், சிலருக்குக் குறைந்திருக்கும். குறைந்ததை வெளியே சொல்லக் கூச்சம். (வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லவே முடியாது!) பேரனுக்கோ தங்கைக்கோ, ஒருவருக்கு மட்டும், தேதி போட்டு எழுதுங்கள். பேச்சுத் தமிழே போதும்.

பார்வை மங்கியவர்கள் ஞாயிறு மாலை சங்க அறைக்கு வாருங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன்.