இரண்டையும் ஏற்கும் ஆலோசனை



1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. ஐந்து வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவன் பெண்பிள்ளை போல நடந்துகொள்கிறான் என்று அவனுக்குச் 'சிகிச்சை'. அவன் பொம்மையைக் கையில் எடுத்தால், எதிரில் உட்கார்ந்திருக்கும் தாய் அவனைக் கண்டுகொள்ளக் கூடாது. துப்பாக்கி பொம்மையை எடுத்தால் சிரித்துப் பேச வேண்டும். வீட்டில் ஆண்பிள்ளை போல நடந்தால் நீல வில்லை, அதற்குப் பரிசு; பெண்பிள்ளை போல நடந்தால் சிவப்பு வில்லை, அதற்குத் தண்டனை. கட்டுரையை எழுதியவர்கள் ஜார்ஜ் ரேக்கர்ஸும் ஐவார் லோவாஸும். இதே லோவாஸ்தான் ஆட்டிசம் உள்ள குழந்தைகளையும் பரிசு, தண்டனை வழியாக 'மற்றப் பிள்ளைகளைப் போல' ஆக்கும் பயிற்சிக்குப் பேர்போனவர்.

பால்புதுமையினராகவும் ஆட்டிசமோ ஏடிஹெச்டியோ உள்ளவராகவும் இருப்பவர்களை மனநல ஆலோசனையில் எப்படி நடத்த வேண்டும் என்று பேசும்போது, இந்த வரலாற்றை விட்டுவிட முடியாது. இத்தகையோர் அரிதானவர்களும் அல்லர். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைப் பார்த்த கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், திருநர்களிடையே ஆட்டிசம் மற்றவர்களைவிட மூன்று முதல் ஆறு மடங்கு அதிகம் என்று 2020-இல் எழுதினார்கள்.

அப்படிப்பட்ட ஒருவர் ஆலோசகரிடம் போகிறார். "உனக்கு ஆட்டிசம் இருக்கிறது, அதனால்தான் குழப்பம். நீ திருநம்பி என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், அங்கேயே கதவு மூடிவிடுகிறது. இந்தக் கேள்வியை நான் மிகக் கொடியதாக நினைக்கிறேன். ஆட்டிசம் இருப்பதால் ஒருவருக்குத் தன்னைத் தெரியாமல் போய்விடாது.

அறையும் முக்கியம். கண்ணைக் கூசவைக்கும் டியூப்லைட்டை அணைக்கலாம். கடகடக்கும் மின்விசிறியை நிறுத்தலாம். கண்ணைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கையில் எதையாவது உருட்டிக்கொண்டே பேசட்டும். "இப்போது என்ன உணர்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு உடனே பதில் வராமல் தவிப்பவர்கள் பலர். அவர்களிடம் நெஞ்சு இறுகுகிறதா, வயிறு பிசைகிறதா என்று கேட்டுப் பாருங்கள். எழுதிக் காட்டினாலும் அது பதில்தான். வெளியில் நாள் முழுக்கத் தன் காதலையும் மறைத்து, தன் இயல்பான அசைவுகளையும் அடக்கிக் களைத்து வருகிறவர், ஆலோசகர் முன்னாலும் நடிக்க வேண்டியிருந்தால் எதற்கு அந்த ஆலோசனை?

2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில், ஒருவரையொருவர் விரும்பிய இரு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முதலில் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, பால்புதுமையினரை 'மாற்றுகிறோம்' என்னும் சிகிச்சைக்குத் தடை விதித்தார். கற்றுக்கொள்ள ஒரு நீதிபதிக்கே மனம் இருந்ததென்றால், ஆலோசனையையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது இருக்க வேண்டாமா?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஆலோசகரைத் தேடும்போது, "என் பிள்ளையை மாற்றிவிடுவீர்களா?" என்று கேட்காதீர்கள். "என் பிள்ளையின் பாலினத்தையும் ஆட்டிசத்தையும் அப்படியே ஏற்றுக்கொண்டு உதவுவீர்களா?" என்று கேளுங்கள். பிள்ளையின் பாலினத்தையோ பாலீர்ப்பையோ மாற்றித் தருகிறேன் என்று ஒரு மருத்துவர் சொன்னால், அது தொழில் ஒழுங்குமீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்திருக்கிறது. மாநில மருத்துவக் கவுன்சிலில் நீங்கள் புகார் கொடுக்கலாம்.