சிக்காகோவின் பசும்பாதையும் வாடகைக் குடியிருப்போர் போராட்டமும்

(ரயில்வேத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் முக்கிய பகுதி)



சிக்காகோ என்று சொன்னால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மே தினம். 1886-ல் எட்டு மணி நேர வேலை கேட்டுக் கிளம்பிய அந்நகரத்துத் தொழிலாளரின் கதையை, 1923-ல் சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய நாள் தொட்டு நாம் சொல்லி வருகிறோம். இன்றைக்கும் அந்தச் சிக்காகோவைப் பற்றியே பேசப் போகிறேன். ஆனால் விஷயம் வேறு. ஒரு பழைய ரயில் பாதை. அதன்மேல் அமைந்த ஒரு பூங்கா. அந்தப் பூங்காவின் பக்கத்தில் வாடகைக்குக் குடியிருந்த ஏழை மக்கள். இவ்வளவுதான்.

ப்ளூமிங்டேல் பாதை என்பது அந்த ரயில் பாதையின் பெயர். 1870-களில் சாமான் வண்டிகளுக்காகப் போட்டார்கள். தண்டவாளம் தெருவோடு தெருவாக ஓடியது. கடவுகளில் ஜனங்கள் வண்டியில் அடிபட்டுச் செத்தார்கள். சிக்காகோ முழுவதிலுமே அன்று இதே நிலை. கடைசியில் 1893-ல் தண்டவாளங்களை மேலே உயர்த்த வேண்டும் என்று நகரசபை சட்டம் செய்தது. சட்டம் வந்தது 1893-ல். ப்ளூமிங்டேல் பாதையைக் கம்பெனி உயர்த்தத் தொடங்கியதோ 1910-க்குப் பிறகு! கம்பெனிகளின் அவசரம் எப்படிப்பட்டது என்பதை ரயில்வேத் தோழர்களாகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பாதையை ஒட்டிய வட்டாரங்களில் தொழிற்சாலைகள் நிறைந்திருந்தன. சைக்கிள் செய்தார்கள், முரசு செய்தார்கள், மரச்சாமான் செய்தார்கள். தொழிற்சாலையைச் சுற்றித் தொழிலாளர் வீடுகள். மாடி ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் என்று இரண்டு குடித்தன வீடு, மூன்று குடித்தன வீடு. கீழே இருக்கும் வீட்டுக்காரரும் பெரும்பாலும் தொழிலாளிதான். மாடி வாடகையைக் கொண்டு அவர் கடனைக் கட்டுவார்.

இந்த வட்டாரத்தின் மேற்குப் பகுதியான ஹம்போல்ட் பார்க்கில் போர்ட்டோரிக்கோ மக்கள் குடியேறினார்கள். அவர்கள் அங்கே விரும்பி வந்ததாக எண்ணிவிடாதீர்கள். லிங்கன் பார்க் பகுதியில் இருந்தவர்களை 1960-களில் 'நகரப் புதுப்பிப்பு' என்று சொல்லி விரட்டினார்கள். அப்படி விரட்டப்பட்டவர்கள்தாம் மேற்கே நகர்ந்தார்கள். ஒருமுறை கிளப்பப்பட்ட ஜனங்கள் என்பதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாய் மூடின. 2001-ல் சாமான் வண்டியும் நின்றது. தண்டவாளத்தின்மேல் புல் முளைத்தது, மரம் முளைத்தது. சிறுவர்கள் ஏறி விளையாடினார்கள். அந்த வட்டாரத்தில் குழந்தைகள் ஓடியாட இடம் மிகக் குறைவு. ஆகவே அதைப் பூங்காவாக்க வேண்டும் என்று கேட்டவர்களும் அந்த மக்களே. பின்னால் நான் சொல்லப் போவதைக் கேட்டுவிட்டு, பூங்கா வேண்டாம் என்று ஏழைகள் சொன்னதாக யாரும் பேசக் கூடாது. மரத்தின்மீது அவர்களுக்கு என்ன பகை?

2011-ல் நகர நிர்வாகம் மக்களைக் கூட்டி யோசனை கேட்டது. கூட்டங்கள் முறையாகவே நடந்தன. ஏறும் வழி எங்கே வேண்டும்? விளக்கு எத்தனை அடிக்கு ஒன்று? என்ன செடி நடலாம்? எல்லாம் கேட்டார்கள். மக்களும் சொன்னார்கள். ஒரு கேள்விதான் அந்தத் திட்டத்தில் இடம் பெறவில்லை. 'பூங்கா வந்த பிறகு உங்கள் வாடகை என்ன ஆகும்?' என்ற கேள்வி.

2013-ல் வேலை தொடங்கி, 2015 ஜூன் 6-ந் தேதி திறந்தார்கள். நீளம் 2.7 மைல். தெருவுக்கு மேலே ஏறக்குறைய 17 அடி உயரம். சிக்காகோவின் தபால் குறியீட்டெண்கள் 606 என்று தொடங்குவதால் அதையே பெயராக வைத்தார்கள். செலவு 95 மில்லியன் டாலர், அதாவது ஒன்பதரைக் கோடி. அதில் பாதிக்கு மேல் மத்திய சர்க்கார் பணம். பொதுமக்கள் கட்டிய வரி.

இந்தப் பொதுப்பணம் என்ன செய்தது? டிபால் பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதி ஆராய்ச்சி நிலையம் 2016-ல் கணக்கெடுத்தது. பாதையின் கிழக்குப் பகுதியில் பணக்காரர் முன்பே குடியேறிவிட்டார்கள். அங்கே விலை உயர்வு சொற்பம். ஆனால் வெஸ்டர்ன் அவென்யூவுக்கு மேற்கே, அதாவது தொழிலாளர் பகுதியில், வேலை தொடங்கிய நாளிலிருந்து வீட்டு விலை 48 சதவீதம் ஏறியிருந்தது! மூன்றே வருஷத்தில்!

விலை ஏறினால் வீட்டுக்காரத் தொழிலாளிக்கு லாபந்தானே என்று கேட்பார்கள். விற்றுவிட்டுப் போகிறவனுக்கு லாபம். இருக்க நினைக்கிறவனுக்கு? வீட்டு மதிப்பை ஒட்டி வரி ஏறும். வரியைக் கட்ட மாடி வாடகையை ஏற்ற வேண்டும். மாடியில் இருப்பவர் கொடுக்க முடியாமல் காலி செய்வார். வீட்டுக்காரரும் தாக்குப் பிடிக்காமல் விற்பார். வாங்குகிறவர் யார்? கட்டிட முதலாளி. அவர் இரண்டு குடித்தன வீட்டை இடித்துத் தள்ளி, ஒரே பணக்காரக் குடும்பத்துக்கு மாளிகை கட்டுவார். அல்லது இடிக்காமலே நடுச்சுவரை எடுத்து ஒரே வீடாக்குவார். இரண்டு குடும்பம், மூன்று குடும்பம் இருந்த இடத்தில் ஒரு குடும்பம். ஜன்னலைத் திறந்தால் பூங்கா. சைக்கிள் செய்த தொழிலாளியின் பேரன் வெளியூர் போனான். அந்த இடத்தில் இப்போது சைக்கிள் சவாரி நடக்கிறது.

மக்கள் வாய்மூடி இருக்கவில்லை. 2016-ல் அந்தப் பூங்காப் பாதையின்மீதே ஊர்வலம் போனார்கள். லோகன் ஸ்குவேர் வட்டாரச் சங்கம் வீடு வீடாகச் சென்று ஆள் திரட்டியது. தாய்மார்களும் பள்ளிப் பிள்ளைகளும் வந்தார்கள். அவர்கள் கேட்டது பெரிய புரட்சி அல்ல. இடிக்கிறவனுக்குக் கட்டணம் போடு, குடித்தன வீடுகளைக் காப்பாற்று என்றார்கள்.

வாடகையை நேரே கட்டுப்படுத்தினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இல்லினாய் ராஜ்யத்தில் 1997-ல் ஒரு சட்டம் செய்து வைத்திருக்கிறார்கள். எந்த நகரசபையும் வாடகைக்கு உச்சவரம்பு விதிக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். வீட்டு முதலாளிகள் முன்யோசனைக்காரர்கள்! பூங்காவுக்குப் பதினெட்டு வருஷம் முன்னாலேயே வேலி போட்டுவிட்டார்கள். அந்தத் தடையை நீக்க வேண்டும் என்ற இயக்கமும் அங்கே நடந்து வருகிறது.

விடாத போராட்டத்தின் பயனாக, 2020-ல் பாதையை ஒட்டிய பகுதியில் வீடு இடிப்பதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். 2021-ல் இரண்டு சட்டம் வந்தது. குடித்தன வீடுகள் நிறைந்த தெருவில் ஒரு குடும்ப மாளிகை எழுப்பத் தடை; இடித்தால் 15,000 டாலர் கட்டணம். கட்டிட முதலாளிக்கு அது வெற்றிலை பாக்குச் செலவு. அதனால் மக்கள் மறுபடியும் போராடி, 2024-ல் கட்டணத்தை 60,000 ஆக்கினார்கள். வீடு விற்பனைக்கு வந்தால் வாங்கும் முதல் உரிமை குடியிருப்பவருக்கே என்ற விதியையும் சேர்த்தார்கள்.

இது வெற்றியா? வெற்றிதான். ஆனால் தேதிகளைப் பாருங்கள். பூங்கா 2015-ல், சட்டம் 2021-ல். நடுவில் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தில் சாமான்களைக் கட்டிக்கொண்டு போன குடும்பங்களுக்குச் சட்டம் ஒன்றும் செய்யாது. இந்த ஷரத்துகளை 2011-ல், செடி எது என்று கேட்ட அதே கூட்டத்தில், முதல் மண்வெட்டி விழுமுன் எழுதி வாங்கியிருக்க வேண்டும். பக்கத்து நிலத்தில் எவ்வளவு நகரசபை வாங்கி வாடகை வீடு கட்டும், எத்தனை வீடு, என்ன வாடகை என்பதெல்லாம் பூங்காத் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை. விலை ஏறிய பிறகு நிலம் வாங்கப் போனால், நம் வரிப்பணம் ஏற்றிய விலையை நம் வரிப்பணத்தைக் கொண்டே நில முதலாளிக்குக் கொடுக்க நேரும்.

நகரசபைக்குச் சொந்தமான நிலம் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கும் அங்கேயே உதாரணம் இருக்கிறது. லோகன் ஸ்குவேர் ரயில் நிலையத்தருகே கார் நிறுத்த விட்டிருந்த நகரசபை இடத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக நூறு வீடு கட்ட வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். அப்போது அங்கே கவுன்சிலராக இருந்த சோஷலிஸ்டு கார்லோஸ் ராமிரெஸ்-ரோசா துணை நின்றார். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கோர்ட்டு வரைக்கும் போனார்கள். ஆனாலும் கட்டிடம் எழும்பியது. 2022-ல் திறந்தார்கள்.

அதற்கு வைத்திருக்கும் பெயர் உங்களுக்குத் தெரிந்த பெயர்தான், தோழர்களே! 1887 நவம்பர் 11-ந் தேதி தூக்கிலிடப்பட்ட மே தினத் தியாகி ஆல்பர்ட் பார்சன்சின் மனைவி, அதன் பிறகும் ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்நகரத்துத் தெருக்களில் நின்று பேசிய லூசி கொன்சாலஸ் பார்சன்ஸ். நூறு குடும்பம் இன்று அந்தப் பெயர் கொண்ட வீட்டில் குடியிருக்கிறது.