ஆகாயத்தாமரையும் கூன்வண்டும்



நம் ஏரிகளில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்த களையாகும். அது மதகை அடைத்துக்கொண்டால் கடைமடை வயலுக்கு நீர் எட்டாது. வெள்ளக் காலத்தில் கலங்கலை அடைத்தாலோ ஏரிக்கரைக்கே ஆபத்து.

இக்களையின் பகையும் அதன் தாயகத்திலேயே உண்டு. நியோகெட்டினா எனப்படும் சிறு கூன்வண்டுகள் இலையைச் சுரண்டித் தின்னும். அவற்றின் புழுக்கள் காம்பைக் குடைந்து குருத்தைக் கெடுக்கும். செடி அழுகி நீரில் மூழ்கும். 1982-ஆம் ஆண்டில் இவ்வண்டுகள் நம் நாட்டுக்குத் தருவிக்கப்பட்டன. பயிர்களுக்குத் தீங்கு செய்யாமை சோதித்தறியப்பட்ட பின்னரே பெங்களூர்ப் பகுதி ஏரிகளில் விடப்பட்டு, நற்பயன் அளித்தன.

ஆயினும், வண்டு ஒரே பருவத்தில் ஏரியைத் துப்புரவாக்கிவிடும் என்று நாம் எண்ணலாகாது. அது பெருகிப் பயன் தரச் சில ஆண்டுகள் செல்லும். சாக்கடை நீர் கலக்கும் ஏரியில் களை செழித்து வண்டை முந்திக்கொள்ளும்.

ஆகவே, வேளாண்மை அதிகாரியைக் கலந்துகொண்டு இவ்வண்டுகளை விடுவோம். மதகையும் கலங்கலையும் சூழ்ந்த களையை மழைக்கு முன்பே கையால் அகற்றுவோம். வண்டு குடியேறிய செடிகளில் ஒரு பகுதியை, மூங்கில் தடுப்பிட்டு, ஓரமாக விட்டுவைப்போம். எல்லாவற்றையும் வாரி எறிந்தால் வண்டும் அழிந்துபோகும். சாக்கடை ஏரியில் விழாமல் தடுப்போம். வண்டு தன் பணியைச் செய்யட்டும். நம் பணியை நாம் செய்வோம்.