மறதிக்கும் மார்க்கம் வழி வகுத்திருக்கிறது

 

தொழுகையில் மறதியால் தவறு நேர்ந்தால் அதை ஈடுசெய்ய ஸஜ்தா ஸஹ்வு உண்டென்பதை மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளையும் அறியும். கடனை எழுதி வைக்குமாறு ஏவுகின்ற பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகும். மனிதன் மறப்பான் என்பதை அறிந்தே மார்க்கம் இவ்வழிகளை வகுத்தது.

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? தொடங்கிய வேலையை முடிக்க இயலாதவரை, கொடுத்த வாக்கை மறப்பவரை, ஒரு வேலையிலும் நிலைக்காதவரைச் 'சோம்பேறி' என்றும் 'பொறுப்பற்றவன்' என்றும் ஏசுகிறோம். இதனால் தலாக் வரை சென்ற குடும்பங்களும் உண்டு.

இவர்களுள் சிலருக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு. 1902-இல் இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர் இதையொத்த நிலையைக் குழந்தைகளிடம் கண்டு விவரித்தார். வளர்ந்தால் தீர்ந்துவிடும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பலருக்குத் தீர்வதில்லை. பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டென ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. பெண்களிடம் வெளியே தெரியும் துடிப்பின்றி உள்ளே சிதறும் கவனமாகவே பெரிதும் இருப்பதால், அது கண்டறியப்படாமலே போகிறது. இது பெரும்பாலும் பரம்பரையாக வரும் மூளையின் இயல்பு வேறுபாடு. ஈமானின் குறைவன்று, ஜின்னின் தீண்டலுமன்று.

மறப்போர் அனைவருக்கும் இக்கோளாறு இருப்பதாகக் கொள்ளலாகாது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என ஆராய்ந்து மனநல மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மருந்தும் உண்டு, பயிற்சியும் உண்டு.

சகோதரர்களே! ஸஜ்தா ஸஹ்வு தொழுகையை நீக்குவதில்லை, நிறைவாக்குகிறது. அதுபோல் இவர்களின் கடமையும் நீங்குவதில்லை. அதை நிறைவேற்றத் துணைதான் வேண்டும். வீட்டார் ஏசுவதை விட்டு, வேலைகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லுங்கள். முதலாளிமார்கள் வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல் துண்டுச்சீட்டிலும் எழுதிக் கொடுங்கள். ஜமாஅத்தார்கள் ஏழைகளின் சிகிச்சைக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவுங்கள்.

அரசிடமும் கேட்போம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகைகளில் இதன் பெயர் தனியே இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ மனநல சிகிச்சையை உரிமையாக்கியுள்ளது. அவ்வுரிமைப்படி, பெரியவர்களுக்கும் இக்கோளாற்றைக் கண்டறியும் வசதியை அரசு மருத்துவமனைகளில் கோருவோம். ஆலோசனைக்கு 14416 என்னும் அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு.

குறையை ஏசாமல் துணை நிற்கும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.