ராபின்சன் ஏன் திருப்பி அடிக்கவில்லை?

போன வாரம் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் என்னைக் கண்டபடி பேசிட்டார். பதில் டைப் பண்ணேன், அழிச்சேன், திரும்ப டைப் பண்ணேன். ராத்திரி தூக்கமே போச்சு. அப்போ ஞாபகம் வந்தவர் ஜாக்கி ராபின்சன்.

1947 ஏப்ரல். அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்கில், அந்த நூற்றாண்டில் முதல் முறையாக ஒரு கறுப்பின வீரர் ஆடுகிறார். அவரை புரூக்ளின் டாட்ஜர்ஸில் சேர்த்த பிராஞ்ச் ரிக்கி முன்னாடியே கேட்டிருந்தார்: யார் என்ன சொன்னாலும் திருப்பி அடிக்கக் கூடாது.

ராபின்சன் சாதுவான ஆளா? இல்லவே இல்லை. ராணுவத்தில் இருந்தப்போ, பஸ்ஸில் பின்னாடி போன்னு சொன்னதுக்கு மறுத்து, 1944-ல ராணுவ நீதிமன்றம் வரை போய் ஜெயிச்சவர்.

அந்த ஏப்ரலிலேயே பிலடெல்ஃபியா அணியோட மேட்ச். எதிரணி மேனேஜர் பென் சாப்மனும் வீரர்களும் நிறத்தைச் சொல்லி வசைமாரி. அன்னைக்கு உடைஞ்சுபோகிற நிலைக்கு வந்துட்டதா அவரே பின்னாடி எழுதியிருக்கார். எனக்கு இதுதான் முக்கியம். அவருக்கு வலிக்காம இல்லை. ஆனா ஒரு அடி அடிச்சிருந்தா, அடுத்து வரப்போகிற கறுப்பின வீரர்களுக்கும் கதவைச் சாத்த ஆட்கள் தயாராக இருந்தாங்க. அந்த மேட்ச்ல ஒரே ஒரு ரன். அதை எடுத்தவர் ராபின்சன்.

இன்னொண்ணு. அந்த மௌனம் காலத்துக்கும் இல்லை. 1949-லிருந்து அவர் வாய்விட்டே சண்டை போட்டார். அமைதியா இருந்தப்போ பாராட்டின சிலருக்கு அது பிடிக்கலை!

நான் அந்த மெசேஜை அனுப்பலை. மறுநாள் அவருக்கே போன் பண்ணேன். எடுக்கலை. இன்னைக்குத் திரும்பப் பண்ணணும்.